புவியியல் தேர்வுக்கு எந்தப் புத்தகம், எந்தத் தலைப்பு? சேலத்துப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என்னிடம் வரும் முதல் கேள்வி இதுதான்: "சார், ஜியாகரபிக்கு எந்தக் கைடு வாங்கட்டுங்க?" போன வருஷம் அம்மாப்பேட்டையிலிருந்து வந்த ஓர் அம்மா, என்னைக் கேட்பதற்கு முன்பே மூன்று கைடு வாங்கிப் பையில் வைத்திருந்தார். பையன் படிப்பது மாநிலப் பாடத்திட்டம். அந்த மூன்றில் ஒன்று சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கானது. பள்ளியில் கொடுத்த பாடப்புத்தகமோ பெயர்கூட எழுதப்படாமல் வீட்டில் கிடந்தது. கைடுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போன வருஷப் பொதுத்தேர்வு வினாத்தாளோடு மறுநாள் வரச் சொன்னேன்.

சேலத்தில் நான் புவியியல் சொல்லித் தர ஆரம்பித்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. மாலை வகுப்புக்கு மூன்று வகைப் பிள்ளைகள் வருகிறார்கள்: மாநிலப் பாடத்திட்டம், சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. விடுமுறையில் மட்டும், வெளியூர் விடுதியில் தங்கி ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) படிக்கும் ஒன்றிரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். நால்வருக்கும் நான் சொல்லும் வரிசை ஒன்றே. முதலில் வினாத்தாள், அடுத்து பாடப்புத்தகம், அட்லஸ், அப்புறம் தலைப்பு. கைடு கடைசியில். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் சேர்வராயன் மலையை மறந்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். காரணத்தைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வினாத்தாளைக் கையில் எடுங்கள்

உங்கள் தேர்வில் எங்கே விருப்பம் இருக்கிறது, எங்கே இல்லை என்பதை வினாத்தாள்தான் சொல்லும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ புவியியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி 15. இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒன்பதுக்கு ஆறு, மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒன்பதுக்கு ஆறு. இந்த இரண்டு பகுதியிலும் ஒவ்வொரு கேள்வி கட்டாயம். ஐந்து மதிப்பெண் கேள்வி ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 'அல்லது' உண்டு. கூட்டிப் பாருங்கள், 15, 12, 18, 25 சேர்ந்து 70. இதில் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு விருப்பமே கிடையாது, அவை புத்தகம் முழுவதிலிருந்தும் வரும். ஆகவே ஒரு பாடத்தை முழுக்க விட்டுவிடலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. எந்தப் பாடத்தில் ஐந்து மதிப்பெண் அளவுக்கு ஆழமாகப் போவது, எதில் ஒரு மதிப்பெண்ணோடு நிற்பது என்பதை மட்டும்தான் நாம் முடிவு செய்ய முடியும்.

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பிலும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. எழுபதில் பத்து மதிப்பெண் வரைபடத்துக்கு: உலகப் படம் ஐந்து, இந்தியப் படம் ஐந்து. விருப்பம் குறைவு. இந்தப் பிள்ளைகள் தலைப்பைத் தேடி அலையாமல் வரைபடப் பட்டியலை முதலில் முடித்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

ஐ.சி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில்தான் உண்மையான விருப்பம் இருக்கிறது. எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20. முதல் பகுதியில் 30 மதிப்பெண் கட்டாயம்: டோப்போ ஷீட் (நிலத்தின் ஏற்ற இறக்கம், நீர், சாலை எல்லாம் காட்டும் விரிவான வரைபடத் தாள்), இந்திய வரைபடம், பலவுள் தெரிவு. இரண்டாம் பகுதியில் கொடுத்திருக்கும் கேள்விகளில் ஐந்தை மட்டும் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் பத்து மதிப்பெண். வரலாறு, குடிமையியல் தாளும் புவியியல் தாளும் சேர்ந்துதான் ஒரே பாடமாகக் கணக்கில் வரும். ஒன்றில் சரிந்தால் மற்றதும் சேர்ந்து இறங்கும்.

இந்தக் கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்திலேயே எழுதி ஒட்டுங்கள். பிளஸ் ஒன் சேரப்போகிறவர்கள் அதற்கும் முன்னால் ஒன்று செய்ய வேண்டும். புவியியல் உள்ள பிரிவு எல்லாப் பள்ளியிலும் கிடையாது. அந்தப் பிரிவு இருக்கிறதா, செய்முறை சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று இரண்டையும் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இரண்டாம் படி: பாடப்புத்தகம்

மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு இதில் குழப்பமே வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடும் புத்தகம்தான் புத்தகம். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். கைக்குக் கிடைக்கத் தாமதமானால் பி.டி.எஃப். இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று. பழைய புத்தகக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று 2019-க்கு முந்திய பிளஸ் டூ புத்தகத்தை வாங்கிவிடாதீர்கள். பிளஸ் ஒன்னுக்கு 2018-19லும் பிளஸ் டூவுக்கு 2019-20லும் பாடத்திட்டம் மாறிவிட்டது.

சி.பி.எஸ்.இ.க்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு மனிதப் புவியியல் அடிப்படைகள் ஒன்று, இந்தியாவின் மக்களும் பொருளாதாரமும் ஒன்று, செய்முறைப் புத்தகம் ஒன்று. அக்கா படித்த புத்தகம் வீட்டில் இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 2022-23ல் பாடங்களைக் குறைத்தார்கள், அதற்கு முந்திய பதிப்பில் இப்போது தேர்வுக்கு வராத பகுதிகளும் இருக்கும். நடப்பு ஆண்டுப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, நீக்கிய பகுதிகளைப் பென்சிலால் அடைத்துவிடுங்கள்.

ஐ.சி.எஸ்.இ. வாரியம் புவியியலுக்குத் தானே புத்தகம் போடுவதில்லை. தனியார் பதிப்பகங்கள் போடுகின்றன, பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. பள்ளி சொன்ன புத்தகம் போதுமா என்று பார்க்க நான் மூன்று இடங்களைத் திறப்பேன். டோப்போ ஷீட் பகுதி வண்ணத்தில் அச்சாகியிருக்கிறதா? கருப்பு வெள்ளையில் இருந்தால் அந்தப் புத்தகம் அந்தப் பாடத்துக்கு உதவாது, ஏனென்றால் அங்கே நிறம்தான் மொழி. அடுத்து, காரணம் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலில் காரணம் இருக்கிறதா, இல்லை வரையறையையே திருப்பிச் சொல்லியிருக்கிறதா? கடைசியாக, அட்டையில் போட்டிருக்கும் தேர்வு ஆண்டு உங்கள் தேர்வு ஆண்டுதானா? மூன்றும் சரியாக இருந்தால் இரண்டாவது புத்தகம் தேவையில்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. தமிழ்வழிப் பிள்ளைகள் கலைச்சொல்லைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதிப் பழக வேண்டும். சமஉயரக் கோடு, மலைமறைவுப் பகுதி, வண்டல் விசிறி போன்ற சொற்களை ஒரு தனி நோட்டில் ஏற்றி, அருகிலேயே சிறு படமும் போட்டு வைத்தால் போதும்.

மூன்றாம் படி: அட்லஸ்

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் ஒரே நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஜம்மு-காஷ்மீரும் லடாக்கும் தனித்தனி யூனியன் பிரதேசங்களாக இருக்கின்றனவா? அது 2019 அக்டோபர் 31 முதல் நடைமுறை. தாத்ரா-நகர் ஹவேலியும் டாமன்-டையூவும் ஒன்றாக இருக்கின்றனவா? அது 2020 ஜனவரி 26 முதல். இப்போது 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள். தமிழ்நாட்டுப் படத்தில் 38 மாவட்டங்கள் இருக்க வேண்டும். இதைவிடச் சுலபமான சோதனை நம் மாவட்டமே. சேலத்துக்குக் கிழக்கே விழுப்புரம் என்று போட்டிருந்தால் அது பழைய அட்லஸ். இப்போது அங்கே கள்ளக்குறிச்சி. சேலத்துக்குள்ளேயே நாமக்கல் இருந்தால் அது 1997-க்கும் முந்தியது, அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், ஆனால் தேர்வுக்குத் தொடாதீர்கள்.

நான்காம் படி: எதில் ஆழமாகப் போவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்றால், எந்தப் பாடத்தில் பக்கம் குறைவோ அது. நான் சொல்வது வேறு. எந்தப் பாடத்துக்கு உங்கள் கண்ணால் பார்த்த சான்று இருக்கிறதோ, அதை எடுங்கள். பார்த்த விஷயத்தை எழுதும்போது காரணமும் விளைவும் வரிசை தவறாமல் வரும். மனப்பாடம் செய்தது மூன்றாவது வரியில் நின்றுவிடும். இந்த விஷயத்தில் சேலம் பிள்ளைகளுக்கு இருக்கும் வசதி நிறைய ஊர்களில் கிடையாது.

தட்பவெப்பத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் கூடினால் குளிர் கூடும் என்று ஒரு வரி எழுதினால் ஒரு மதிப்பெண். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். வித்தியாசம் 1,237 மீட்டர். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற விதிப்படி, ஏற்காடு சேலத்தைவிட ஏறக்குறைய 8 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஒரு மே மாத மதியம் வகுப்புப் பிள்ளைகளைச் சாதாரண வெப்பமானியோடு பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனேன். அடிவாரத்தில் ஒரு முறை, பத்தாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு முறை, இருபதாவது வளைவு தாண்டி மேலே ஒரு முறை, நிழலில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். கணக்குக்கும் வெப்பமானிக்கும் கொஞ்சம் வித்தியாசம் வந்தது. ஏன் என்று அவர்களே யோசித்தார்கள்: மேகம், மரநிழல், நேரம். அன்று அந்தப் பேருந்தில் வந்த யாருக்கும் வெப்பம் குறையும் வீதத்தை நான் மறுபடி நடத்த வேண்டி வரவில்லை.

கனிமங்களும் தொழிலகங்களும் நமக்குச் சொந்தப் பாடம் மாதிரி. ஊருக்கு வடக்கே செம்மண்ணுக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரர்கள் அதைச் சுண்ணாம்புக் குன்று என்று பொருள்படும் பெயரில் அழைத்தார்கள், அது நிலைத்துவிட்டது. அதனால் பிள்ளைகள் விடைத்தாளில் சுண்ணாம்புக்கல் என்று எழுதுகிறார்கள். அது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய தீத்தாங்கும் செங்கல் செய்ய அது போகிறது. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் கிடைப்பது சேர்வராயன் மலை உச்சியில். சார்னோக்கைட் பாறை நெடுங்காலம் மழையில் சிதைந்து, சிலிக்கா கரைந்து போய், அலுமினியம் தங்கிவிட்ட இடம் அது. அந்தப் பாக்சைட் மேட்டூருக்குப் போய், அங்கே ஒரு காலத்தில் அலுமினிய ஆலை ஓடியது. ஏன் மேட்டூர்? அலுமினியம் பிரித்தெடுக்க மின்சாரம் ஏராளமாக வேண்டும், அணையில் அது இருந்தது. தொழிலக அமைவிடக் காரணிகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

இன்னொரு தவறையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். கஞ்சமலையில் இரும்புத் தாது, அடிவாரத்தில் உருக்காலை. இரண்டையும் சேர்த்து, அந்தத் தாதுவில்தான் ஆலை ஓடுகிறது என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். அங்கே இருப்பது தரம் குறைந்த மேக்னடைட் தாது. ஆலை துருப்பிடிக்காத எஃகு செய்கிறது, அதற்கான மூலப்பொருள் வெளியிலிருந்து வருகிறது. பக்கத்தில் தாது இருப்பது மட்டுமே அமைவிடத்தை விளக்கிவிடாது என்று இதை வைத்து எழுதினால் விடை தனித்துத் தெரியும்.

வேளாண்மைக்கு மலைமேலே ஒன்று, கீழே சமவெளியில் ஒன்று. மேலே காபி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. சில்வர் ஓக் நிழலில் செடி, அந்த மரத்திலேயே மிளகுக் கொடி. தோட்ட வேளாண்மையின் இலக்கணம் முழுவதும் ஒரே சரிவில் இருக்கிறது. கீழே குச்சிக்கிழங்கு. புத்தகத்தில் மரவள்ளி என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். பிடுங்கிய கிழங்கு சீக்கிரம் கெட்டுவிடும், எடையும் அதிகம். ஆகவே சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் விளையும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எடை இழக்கும் மூலப்பொருள் என்ற கருத்தை ஆத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. வீட்டில் கிழங்கு ஏற்றிப் பார்த்திருப்பான்.

நீர்வளத்துக்கு மேட்டூர் அணை: 1934-ல் திறந்தது, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. சேர்வராயனில் பிறந்து சேலம் நகருக்குள்ளேயே ஓடும் திருமணிமுத்தாற்றையும் சேர்த்து எழுதினால் நகர்மயமும் நீர் மாசும் ஒரே விடையில் வந்துவிடும்.

சரி, எத்தனை பாடத்தை விடலாம்? ஐ.சி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு என் கணக்கு: ஒன்று, அதற்கு மேல் கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பையனின் நஷ்டத்தில். ஆரம்ப வருஷங்களில், மலைமேல் விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன், ஐந்துதானே எழுத வேண்டும் என்று மண் வகைகளையும் போக்குவரத்தையும் விட்டுவிட்டான். நானும் சரி என்றேன். தேர்வில் அவன் நம்பியிருந்த தொழிலகக் கேள்வியின் பிரிவுகள் கடினமாக வந்தன, மாற்றிக்கொள்ள வேறு கேள்வி இல்லை. பத்து மதிப்பெண்ணில் நான்கு. வெளியே வந்து என்னிடம் எதுவும் சொல்லாமல் நின்றான். அதற்குப் பிறகு நான் யாருக்கும் இரண்டு பாடம் விட அனுமதி கொடுத்ததில்லை. ஐந்துக்குப் பதில் ஆறேழு கேள்விக்குத் தயாராக இருந்தால்தான் விருப்பம் என்ற சொல்லுக்கே பொருள் இருக்கும்.

ஐந்தாம் படி: டோப்போ ஷீட்டை உள்ளூரில் தொடங்குங்கள்

ஐ.சி.எஸ்.இ. தேர்வுக்கு வரும் தாள்கள் 45டி/7, 45டி/10. இரண்டும் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பக்கம். நம் பிள்ளை பார்த்திராத வறண்ட நிலம். நேராக அதில் இறங்கினால் கோடுகள் வெறும் கோடுகளாகவே தெரியும். அதனால் நான் முதல் இரண்டு வாரம் நம் ஊர்த் தாளை வைத்துத்தான் நடத்துவேன்.

நம் தாள் எது என்று கண்டுபிடிப்பதே நல்ல பயிற்சி. 58 என்ற எண் கிழக்கு 76 முதல் 80 டிகிரி, வடக்கு 8 முதல் 12 டிகிரி வரை உள்ள சதுரம். அதை ஒரு டிகிரி கட்டங்களாக, மேலிருந்து கீழாக ஆங்கில எழுத்திட்டுக்கொண்டே வந்தால், 78-79, 11-12 கட்டம் ஒன்பதாவது எழுத்தான ஐ. அதைப் பதினாறாகப் பிரித்து, மறுபடியும் மேலிருந்து கீழாக எண்ணினால், ஏற்காடு 58ஐ/1, சேலம் நகரம் 58ஐ/2. புதிய முறையில் இவை சி44ஏ1, சி44ஏ2. இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். கடையில் கொடுத்து வண்ணத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

அளவை 1:50,000. தாளில் 2 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். இப்போது ஏற்காடு மலைப்பாதையை விரலால் தொடருங்கள். அடிவாரத்தில் பழுப்புக் கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஏற ஏற நெருங்கும். சாலை அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டாமல் அவற்றோடு சேர்ந்து போய், திடீரென்று மடங்கும். அந்த மடக்குதான் உங்களுக்குப் பேருந்தில் வயிற்றைக் கலக்கிய கொண்டை ஊசி வளைவு. உச்சிக்குப் போனதும் கோடுகள் மறுபடி விலகும், அங்கே பீடபூமி. இவ்வளவு புரிந்த பிள்ளையிடம் 45டி/7-ஐக் கொடுத்தால், செங்குத்துச் சரிவு எங்கே, மட்டமான நிலம் எங்கே என்று தானே சொல்லும். அப்புறம் நீல நிறம் நீர், கருப்புக் கோடு வறண்ட ஓடை, மஞ்சள் விளைநிலம், பச்சை காடு, சிவப்பு சாலையும் குடியிருப்பும் என்று நிறங்களுக்கு வரலாம். நான்கு இலக்க, ஆறு இலக்கக் கட்டக் குறியீட்டைத் தினமும் ஐந்து என்று இருபது நாள் போட்டாலே போதும். முதலில் கிழக்கு எண், பிறகு வடக்கு எண். இந்த வரிசையை மாற்றிப் போட்டு மதிப்பெண் இழப்பவர்கள்தான் அதிகம்.

மாநிலப் பாடத்திட்டம், சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் இதைச் செய்யலாம். பிளஸ் ஒன் செய்முறைக்கு அப்படியே உதவும்.

ஐ.பி. படிப்பவர்களுக்கு

இங்கே விருப்பத் தலைப்பு ஏழு: நன்னீர், கடலும் கடற்கரையும், கடுஞ்சூழல்கள், புவி இயற்பியல் இடர்கள், ஓய்வு-சுற்றுலா-விளையாட்டு, உணவும் உடல்நலமும், நகர்ப்புறச் சூழல். சாதாரண நிலைக்கு இரண்டு, உயர் நிலைக்கு மூன்று. வழக்கமாகப் பள்ளியே முடிவு செய்துவிடும். கேட்க வாய்ப்பு கிடைத்தால் என் வரிசை நன்னீர், சுற்றுலா, இடர்கள். நன்னீருக்குக் காவிரி கையில் இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது வரை வரிசையாகச் சொல்ல முடிந்தால் ஒரு முழு விடை தயார். சுற்றுலாவுக்கு ஏற்காடு கோடை விழா: மே மாதக் கூட்டம், குடிநீர், குப்பை, மலைப்பாதை நெரிசல் எல்லாம் தாங்குதிறன் என்ற கருத்துக்குள் வந்து உட்காரும். இடர்களில் நிலச்சரிவும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு பாதையில் மண் சரிந்ததை நாமே பார்த்தோம். கடற்கரைத் தலைப்பை நம் பிள்ளை எடுப்பதில் தவறில்லை, ஆனால் எல்லாச் சான்றையும் புத்தகத்திலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும்.

கடைசிப் படி: கைடு, பழைய வினாத்தாள், தேர்வறை

ஆகஸ்ட் கடைசிக்குள் ஆழமாகப் படிக்கும் பாடங்களை முடிவு செய்து எழுதி வையுங்கள், பிறகு மாற்ற வேண்டாம். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு கைடு வாங்கலாம், ஒன்று மட்டும். அதில் பாடத்தைப் படிக்காதீர்கள், நீங்கள் எழுதிய விடையை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சி.பி.எஸ்.இ. ஒவ்வொரு வருஷமும் மாதிரி வினாத்தாளோடு மதிப்பீட்டு முறையையும் தருகிறது. ஐ.சி.எஸ்.இ. வாரியம் மாணவர்கள் எங்கே தவறினார்கள் என்ற ஆய்வையே வெளியிடுகிறது. இரண்டும் இலவசம். கைடுக்குச் செலவழிக்கும் நேரத்தில் இவற்றைப் படித்தால் பலன் அதிகம். மாநிலப் பாடத்திட்டத்தில் புக் பேக் வினாக்களை ஒன்று விடாமல் முடித்துவிட்டு ஐந்து வருஷ வினாத்தாளுக்குப் போங்கள்.

தேர்வறையில் வினாத்தாள் படிக்க நேரம் கொடுப்பார்கள். அந்த நிமிடங்களில் முதலில் கட்டாயக் கேள்விகளைப் பாருங்கள், அவற்றில் தப்ப முடியாது. பிறகு விருப்பக் கேள்விகளில் ஒவ்வொன்றின் கடைசிப் பிரிவிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். முதல் பிரிவு எப்போதும் சுலபமாகத் தெரியும், சிக்கல் கீழேதான் இருக்கும். எழுதப்போகும் கேள்விகளையும் மாற்றாக ஒன்றையும் மனதில் முடிவு செய்துகொண்டு, எழுதச் சொன்னதும் வரைபடத்தை முதலில் எடுங்கள், கை நடுக்கம் இல்லாத நேரம் அதுதான். இரண்டு பென்சில் சீவி எடுத்துப் போங்கள்.